உல்ம் மியூன்ஸ்டர் தேவாலயம்: ஒரே நாளில் நிதானமாகப் பார்க்க முழு வழிகாட்டி

ரயில் செயலியில் ஊர்ப் பெயராக ‘மியூன்ஸ்டர்’ என்று தட்டிவிடாதீர்கள். அந்தப் பெயரில் ஜெர்மனியின் வடமேற்கே ஒரு பெரிய நகரமே இருக்கிறது. அங்கே போய் இறங்கினால் அந்த நாள் போயிற்று. நீங்கள் தட்ட வேண்டிய பெயர் ‘உல்ம்’. ஜெர்மனியின் தெற்கே, ஸ்டுட்கார்ட்டுக்கும் மியூனிக்குக்கும் நடுவில், டான்யூப் ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. மியூன்ஸ்டர் என்பது அந்த ஊரின் பெரிய தேவாலயத்துக்கு மக்கள் வைத்திருக்கும் பெயர்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆற்றின் இந்தக் கரையில் உல்ம், அந்தக் கரையில் நொய்-உல்ம். இரண்டும் தனித்தனி ஊர்கள், தனித்தனி மாநிலங்கள். உல்ம் பாடன்-வூர்ட்டம்பெர்க்கில், நொய்-உல்ம் பவேரியாவில். இரண்டுக்கும் தனித்தனி ரயில் நிலையம். தவறி நொய்-உல்மில் இறங்கிவிட்டாலும் பதற வேண்டாம். பாலத்தைக் கடந்து நடந்தே தேவாலயத்துக்கு வந்துவிடலாம்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போனால்தான் உள்ளே கால் வைத்ததும் கண் சரியான இடத்தில் நிற்கும். எனவே இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள்.

உல்மில் ஆயர் இருந்ததில்லை. அதனால் இவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தும் இது பேராலயம் அல்ல, ஒரு பங்குக் கோவில். அரசரும் கட்டவில்லை, ஆயரும் கட்டவில்லை. ஊர் மக்கள் தங்கள் காசில் கட்டியது. அதற்கு முன்பிருந்த பழைய பங்குக் கோவில் நகர மதிலுக்கு வெளியே இருந்தது. 1376இல் பேரரசர் நான்காம் சார்லஸின் படை ஊரை முற்றுகையிட்டபோது, மக்களால் தங்கள் கோவிலுக்கே போக முடியவில்லை. மதிலுக்குள்ளேயே ஒரு கோவில் வேண்டும் என்ற முடிவு வலுத்தது இதனால்தான். 1377 ஜூன் 30 அன்று ஊர்த்தலைவர் லுட்ஸ் கிராஃப்ட் அடிக்கல் நாட்டினார். அப்போது ஊரின் மக்கள்தொகை சுமார் 10,000. கட்டத் தொடங்கியதோ 20,000 பேர் நிற்கக்கூடிய ஆலயம். பழைய கோவிலின் சிற்பக் கற்களையும் விட்டுவிடாமல் பெயர்த்து வந்து புதிய வாசல்களில் பதித்தார்கள்.

1392இல் உல்ரிக் என்சிங்கர் தலைமைக் கட்டடக் கலைஞராக வந்தார். மேற்கே ஒரே ஒரு மாபெரும் கோபுரம் என்ற திட்டம் அவருடையது. 1405இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. வேலை மட்டும் முடியவில்லை. 1530இல் ஊர் மக்கள் வாக்களித்துச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைக்கு மாறினார்கள். 1543இல் கோபுரம் சுமார் 100 மீட்டரை எட்டியிருந்த நிலையில் கட்டுமானம் நின்றது. பிறகு 300 ஆண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1844இல் மீண்டும் தொடங்கி, அவுகுஸ்ட் பையர் தலைமையில் 1890 மே 31 அன்று உச்சிக் கல் ஏறியது. உயரம் 161.53 மீட்டர்.

பழைய கையேடுகள் எல்லாம் ‘உலகிலேயே உயரமான தேவாலயக் கோபுரம்’ என்று எழுதியிருக்கும். 2025 அக்டோபர் இறுதி வரை அது உண்மை. அப்போது பார்சிலோனாவின் சக்ராடா ஃபமிலியா 162.91 மீட்டரைத் தொட்டு இதைத் தாண்டிவிட்டது. 135 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த கோபுரம் இப்போது இரண்டாமிடம். பார்க்கப் போகிறவருக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை.

எந்த மாதம், எந்த நேரம்

உல்மின் பெரிய எதிரி மழை அல்ல, மூடுபனி. டான்யூப் பள்ளத்தாக்கில் அக்டோபர் முதல் ஜனவரி வரை பல காலைகளில் பனி தரையோடு படிந்து கிடக்கும். கோபுரத்தின் பாதிக்கு மேல் கண்ணுக்கே தெரியாது. அந்த நேரத்தில் காசு கொடுத்து ஏறினால் மேலே வெள்ளைத் திரைதான். எனவே குளிர்காலத்தில் உள்ளே பார்ப்பதை முதலில் வைத்து, நண்பகலுக்குப் பிறகு ஏறுங்கள். கோடையில் இதைத் தலைகீழாக்குங்கள். வெயில் ஏறும் முன், பிற்பகல் இடிமழைக்கு முன், காலையிலேயே கோபுரத்தை முடித்துவிடுங்கள்.

புதன், சனி காலைகளில் ஆலயத்தின் முன்னுள்ள மியூன்ஸ்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் காய்கறிச் சந்தை கூடும். பார்க்க அழகு. ஆனால் முகப்பை முழுதாகப் படம் எடுக்கத் தள்ளி நிற்க இடம் கிடைக்காது. நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸுக்கு இரண்டொரு நாள் முன்பு வரை இதே சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை. அப்போது கூட்டம் தோளோடு தோள் உரசும். ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். நண்பகலுக்கு மேல் போங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரில் கடைகளும் மூடியிருக்கும். தண்ணீர் போத்தலை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் உயிரைப் பார்க்க வேண்டுமானால் ஜூலையின் கடைசிக்கு முந்தைய திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். அன்று ‘ஷ்வோர்மோன்டாக்’, அதாவது சத்தியத் திங்கள். ‘ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வேன்’ என்று நகர மேயர் மக்கள் முன் ஆண்டுதோறும் உறுதி எடுப்பார். 1397இன் நகரச் சாசனத்திலிருந்து வரும் வழக்கம் இது. அந்த உறுதிமொழியோடு ஒலிக்கும் சத்திய மணி 1345ஐச் சேர்ந்தது, ஆலயத்தின் அடிக்கல்லை விடவும் பழையது. பிற்பகலில் டான்யூபில் படகு ஊர்வலம் நடக்கும். அன்று தங்குவதற்கு அறை வேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

வந்து சேர்வது

ஸ்டுட்கார்ட்டிலிருந்து அதிவேக ஐசிஇ ரயிலில் முக்கால் மணி நேரம். 2022 டிசம்பரில் வெண்ட்லிங்கன்–உல்ம் புதிய பாதை திறந்த பிறகு நேரம் குறைந்தது. மியூனிக்கிலிருந்து ஐசிஇயில் சுமார் ஒன்றேகால் மணி, வட்டார ரயிலில் சுமார் இரண்டு மணி. அவசரமில்லாத குடும்பத்துக்கு வட்டார ரயிலும் மாநில நாள் டிக்கெட்டும்தான் சிக்கனம். பவேரியா டிக்கெட் உல்ம் மத்திய நிலையம் வரை செல்லும். பாடன்-வூர்ட்டம்பெர்க் டிக்கெட்டும் செல்லும். இரண்டுமே வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லுபடியாகும். இந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஐசிஇயில் ஏறிவிட்டால் அபராதம். டாய்ச்லாண்ட் டிக்கெட் எனும் மாதச் சந்தா டிக்கெட் வைத்திருப்பவர்களும் ஐசிஇயில் ஏறக் கூடாது.

பெட்டியோடு வந்தால் நிலையத்திலேயே பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். கோபுரப் படிகளில் பெரிய பைக்கு இடமே கிடையாது.

நிலையத்துக்கு எதிரே பான்ஹோஃப் தெரு, அது நீண்டு ஹிர்ஷ் தெருவாகும். நேராக நடந்தால் பத்து நிமிடம். பான்ஹோஃப் தெருவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1879 மார்ச் 14 அன்று ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் பிறந்த வீடு அங்கேதான் இருந்தது. 1944 டிசம்பர் 17 குண்டுவீச்சில் பழைய நகரத்தின் பெரும்பகுதி அழிந்தது. சுற்றிலும் எல்லாம் இடிந்து கிடக்க, தேவாலயம் மட்டும் பெரிய சேதமில்லாமல் தப்பி நின்றது. நீங்கள் நடக்கும் தெருக்கட்டடங்கள் அவ்வளவு புதிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

மொத்தம் நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே ஒன்றரை மணி, கோபுரத்துக்கு ஒன்றரை மணி, மீதி ஆற்றங்கரைக்கு.

முதல் படி: உள்ளே நுழையாமல் தெற்குப் பக்கம் போங்கள்

எல்லோரும் நேராக வாசலுக்கு ஓடுவார்கள். நீங்கள் சதுக்கத்தின் தெற்குப் பக்கம் போய் நின்று கூரையின் முகட்டைப் பாருங்கள். அங்கே வாயில் வைக்கோல் துரும்போடு ஒரு சிட்டுக்குருவி நிற்கும். உல்ம் குருவி. ஆலயம் கட்டும்போது நீண்ட மரத்தூணை வண்டியில் குறுக்காக வைத்துக்கொண்டு நகர வாசலில் நுழைய முடியாமல் ஊரார் திணறினார்களாம். வாசலை இடிக்கலாம் என்று முடிவெடுத்த நேரத்தில், ஒரு குருவி துரும்பை நீளவாக்கில் திருப்பிப் பிடித்துக்கொண்டு பொந்துக்குள் நுழைந்ததைப் பார்த்துப் புத்தி வந்ததாம். கூரையில் இப்போது இருப்பது பிரதி. முன்பு கூரையில் இருந்த செப்புக் குருவியை ஆலயத்துக்குள் கண் உயரத்தில் வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் கூட வந்தால், உள்ளே போனதும் அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இதே இடத்தில் சுவரையும் கவனியுங்கள். ஆலயத்தின் உடல் பெரும்பாலும் செங்கல், கோபுரம் மணற்கல். சுற்றுவட்டாரத்தில் நல்ல கட்டடக்கல் கிடைப்பது அரிது. மணற்கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது.

மணற்கல்லில் நுண்துளைகள் அதிகம். மழை, உறைபனி, புகை எல்லாமே அதைத் தின்னும். அதனால் ஏதாவது ஒரு மூலையில் சாரம் கட்டியே இருக்கும். ஆலயத்துக்கென்று சொந்தமாக ஒரு கல்தச்சர் பட்டறை உண்டு. அங்கே பழைய கல்லின் அளவெடுத்துப் புதுக்கல்லைக் கையாலேயே செதுக்கிப் பொருத்துகிறார்கள். இந்தப் பட்டறை மரபை 2020இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. விழாக் காலங்களில் சிலர் சுவர் ஓரத்தில் சிறுநீர் கழிப்பதால் அடிப்பகுதிக் கல் அரிக்கிறது என்று நகர நிர்வாகம் அபராதத்தை உயர்த்தியதும் இங்கேதான். சிறுநீரில் உள்ள உப்பு துளைக்குள் படிகமாகி உள்ளிருந்தே கல்லைப் பிளக்கும்.

இனி மேற்கு வாசல். இரட்டைக் கதவுக்கு நடுவே உள்ள தூணில் துயருறும் கிறிஸ்துவின் சிலை நிற்கும். ஹான்ஸ் முல்ச்சர் 1429இல் செதுக்கியது. வெளியே இருப்பது நகல், மூலச்சிலை உள்ளே இருக்கிறது. நகலை வெளியே பார்த்துவிட்டு மூலத்தை உள்ளே பார்ப்பதுதான் நல்ல வரிசை. வாசலின் மேல்வளைவில் உலகம் படைக்கப்பட்ட கதை சிறு சிறு சிற்பங்களாக ஓடும். மேற்கு முகப்பில் பிற்பகல் வெயில்தான் விழும். காலையில் எடுத்தால் படம் நிழலாகத்தான் வரும்.

உள்ளே நுழையும்போது

ஆலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. கோபுரத்துக்கு மட்டும் டிக்கெட். செருப்பைக் கழற்ற வேண்டாம், ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும். நம் ஊர் வழக்கத்துக்கு நேர்மாறு என்பதால் முதல்முறை வருகிறவர்கள் வாசலில் ஒரு கணம் தடுமாறுவார்கள். இது புராட்டஸ்டண்ட் ஆலயம். ஆகஸ்டில் கத்தோலிக்கரின் கேவலார் மாதா திருத்தலத்துக்குப் போய்ப் பழகியவர்கள் இங்கே தீர்த்தத் தொட்டியையோ திருப்பலியையோ எதிர்பார்க்க வேண்டாம். யாரும் அமர்ந்து ஜெபிக்கலாம், அதற்குத் தடை இல்லை. கோடையிலும் உள்ளே குளிரும். குழந்தைகளுக்கு ஒரு மேல்சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

பலகைகளில் அடிக்கடி தென்படும் சொற்கள்: ‘ஐன்காங்’ என்றால் நுழைவு, ‘அவுஸ்காங்’ வெளியேறும் வழி, ‘கெஷ்லொஸன்’ மூடப்பட்டது, ‘கொட்டஸ்டீன்ஸ்ட்’ ஆராதனை, ‘டுர்ம்’ கோபுரம், ‘ஷ்டூஃபன்’ படிகள். டிக்கெட் கேட்க ‘ட்ஸ்வை மால் டுர்ம், பிட்டே’ என்றால் போதும். கோபுரத்துக்கு இரண்டு டிக்கெட் கொடுங்கள் என்று பொருள்.

இரண்டாம் படி: கோபுரத்தின் அடியில் நின்று பக்கக்கூடத் தூண்களைப் பாருங்கள்

நீளம் சுமார் 123 மீட்டர், நடுக்கூடத்தின் உயரம் 41 மீட்டருக்கு மேல். கண் தானாகவே மேலே போகும். போகட்டும். ஒரு நிமிடம் கழித்துப் பார்வையைப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

நடுக்கூடத்தைத் தாங்கும் தூண்கள் தடித்தவை, முகம் பிரிந்தவை. பக்கக்கூடத்தின் நடுவில் ஒரு வரிசை மெல்லிய உருண்டைத் தூண்கள் நிற்கும். இந்த இரண்டாவது வரிசை முதல் திட்டத்தில் இல்லை. 1490களின் தொடக்கத்தில் ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே கோபுரத்திலிருந்து கற்கள் பெயர்ந்து விழுந்தன. அப்போதைய தலைமைக் கலைஞர் மத்தேயுஸ் போப்ளிங்கர் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. அவுக்ஸ்பூர்க்கிலிருந்து புர்க்ஹார்ட் எங்கல்பெர்க் வரவழைக்கப்பட்டார். அவர் கோபுரத்தின் அடித்தளத்தை வலுப்படுத்தினார். அகலமான பக்கக்கூடங்களின் வளைவுகள் சுவரை வெளியே தள்ளுவதைக் குறைக்க, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து நடுவில் தூண் வரிசை நட்டார். மூன்று கூடமாக இருந்த ஆலயம் ஐந்து கூடமானது இப்படித்தான். பலர் அழகுக்காக வைத்தது என்று நினைத்துக் கடந்துவிடும் அந்த மெல்லிய தூண்கள், கட்டடத்தைக் காப்பாற்ற வைத்தவை. மேலே நட்சத்திரக் கோலம் போல விரியும் வளைவுக் கூரையும் அவர் காலத்ததே.

மூன்றாம் படி: பிரசங்க பீடம், நற்கருணை மாடம், நியாயத்தீர்ப்பு

நடுக்கூடத்தின் தூண் ஒன்றில் உள்ள பிரசங்க பீடத்துக்கு மேலே, மரத்தில் இழைத்த ஊசிக்கோபுரம் போன்ற கூரை. இளைய யோர்க் சீர்லின் 1510இல் செய்தது. அதற்குள் இன்னொரு சின்னஞ்சிறு சுழல்படி ஏறுவது தெரியும். மனிதர் யாரும் ஏற முடியாத அளவு சிறியது. அது பரிசுத்த ஆவியானவர் பிரசங்கிப்பதற்கு என்று சொல்வார்கள். பீடத்தின் நேர் அடியில் நின்றால் அது தெரியாது, நான்கைந்து இருக்கை வரிசை பின்னால் வாருங்கள்.

பீடப்பகுதிக்கு நுழையும் வளைவின் இடப்பக்கத்தில், நற்கருணை அப்பத்தை வைத்துக் காக்கும் நற்கருணை மாடம். 26 மீட்டர் உயரத்துக்குக் கல்லை லேஸ் துணி போல இழைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் இவ்வளவு உயரமான நற்கருணை மாடம் வேறில்லை. வளைவின் மேல் முழுச் சுவரிலும் 1471இல் தீட்டிய கடைசி நியாயத்தீர்ப்பு ஓவியம். நெடுங்காலம் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து 1880இல் வெளிப்பட்டது. உயரத்தில் இருப்பதால் வெறும் கண்ணுக்கு நிறங்கள் மட்டும் தெரியும், முகங்கள் தெரியாது. சின்னத் தொலைநோக்கி இருந்தால் இங்கே பயன்படும்.

சீர்திருத்தத்துக்குப் பின் 1531இல் சுமார் 60 பலிபீடங்கள் இங்கிருந்து அகற்றப்பட்டன. பீடப்பகுதியில் இப்போது இருப்பது ஹுட்ஸ் குடும்பம் செய்வித்த பீடம். மார்ட்டின் ஷாஃப்னர் 1521இல் தீட்டியது. இயேசுவின் உறவினர் குடும்பம் முழுவதும் அதில் இருக்கிறது.

நான்காம் படி: மர இருக்கைகளுக்கு அரை மணி நேரம் கொடுங்கள்

உல்மில் நேரம் குறைவு என்றால் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கோபுரத்தை விடவும் இதுவே பெரிய செல்வம் என்பது எங்கள் கருத்து.

பீடப்பகுதியின் இரு பக்கமும் ஓக் மரத்தில் செய்த 89 இருக்கைகள். மூத்த யோர்க் சீர்லினின் பட்டறை 1469 முதல் 1474 வரை உழைத்துச் செய்தது. நிறம் பூசவில்லை, தங்கம் தடவவில்லை. மரம் மரமாகவே இருக்கிறது.

இதைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. கீழிருந்து மேலே மூன்று அடுக்கு. இருக்கை வரிசைகளின் முனைகளில், கைக்கு எட்டும் உயரத்தில், மார்பளவுச் சிலைகள். இவர்கள் கிறிஸ்துவுக்கு முற்பட்ட, அல்லது கிறிஸ்தவர் அல்லாத ஞானிகள். முதுகுப் பலகையின் மேல் உள்ள புடைப்புச் சிற்பங்களில் பழைய ஏற்பாட்டு மாந்தர். உச்சியில் முக்கோண வளைவுகளில் அப்போஸ்தலரும் புனிதரும். வடக்குப் பக்கம் முழுக்க ஆண்கள், தெற்குப் பக்கம் முழுக்கப் பெண்கள். வடக்கில் பிதாகரஸ், சிசரோ, டாலமி, செனெகா, டெரன்ஸ் என்று கிரேக்க, ரோமானிய அறிஞர்கள். எதிரே சிபில்கள், பழைய உலகின் தீர்க்கதரிசினிகள். 15ஆம் நூற்றாண்டு ஆலயத்தின் மிகப் புனிதமான இடத்தில், வேற்றுச் சமயத்து அறிஞர்களுக்கும் பெண்களுக்கும் சரிபாதி இடம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். இதற்கு எவ்வளவு துணிவும் படிப்பும் வேண்டும்!

பிதாகரஸிடம் போய் நில்லுங்கள். கையில் நரம்பிசைக் கருவி. சுருதிக்கும் எண்ணுக்கும் உள்ள உறவைக் கண்டவர் என்பதால் அது. அவர் கருவியைப் பார்க்கவில்லை, ஒலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு பெண்கள் பக்கம். தலைத்துணியின் மடிப்பு ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு விதம். முகங்களில் தேவதைக் களை கிடையாது. அன்றைய உல்ம் வீதிகளில் நடந்த பெண்களைப் பார்த்துச் செதுக்கியது போல இருக்கும். கை எட்டும் என்றாலும் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்டுப் பட்டுத்தான் பழைய மரத்தின் கூர்மை மழுங்குகிறது.

பீடப்பகுதி கிழக்கு நோக்கியது. காலை 10 மணிக்குள் வந்தால் சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து சிற்பத்தின் ஆழம் துலங்கும். படம் எடுக்க ஃபிளாஷ் போடாதீர்கள். போட்டால் நிழல் அழிந்து முகம் தட்டையாகும், வழிபடுபவருக்கும் தொந்தரவு. பெஞ்சில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மூச்சை அடக்கி எடுத்தால் கைபேசியிலேயே நன்றாக வரும்.

இங்கேயே தலையைத் தூக்கினால் பீடப்பகுதியின் இடைக்காலக் கண்ணாடிச் சன்னல்கள். போர்க்காலத்தில் கழற்றிப் பத்திரப்படுத்தியதால் பிழைத்தவை. பக்கத்தில் பெஸ்ஸரர் குடும்பச் சிற்றாலயம், அதன் 15ஆம் நூற்றாண்டுச் சன்னல்கள் சிறியவை, கண்ணுக்கு அருகில் இருப்பவை. திறந்திருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள்.

ஐந்தாம் படி: கோபுரம் ஏறுதல்

மொத்தப் படிகள் 768. லிஃப்ட் கிடையாது. முதல் தளம் 70 மீட்டரில், இரண்டாவது 102 மீட்டரில், உச்சித் தளம் 143 மீட்டரில். திருப்பணி நடக்கும் காலங்களில் உச்சித் தளத்தை மூடி, 102 மீட்டரோடு நிறுத்திவிடுவார்கள். அதுவரை 560 படிகள். டிக்கெட் எடுக்கும் முன் பலகையைப் படித்துவிட்டு எடுங்கள். மூடும் நேரத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே ஏற்றுவதை நிறுத்திவிடுவார்கள். குளிர்காலத்தில் அது இன்னும் சீக்கிரம் வரும். பலத்த காற்று, இடி, பனிக்கட்டி என்றால் அன்று கோபுரம் கிடையாது.

ஏறக் கூடாதவர்கள்: இதய நோய் உள்ளவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அடைந்த இடத்தில் மூச்சு முட்டுபவர்கள். ஏறும்போது வேர்க்கிறது, அவ்வளவுதான். இறங்கும்போதுதான் முழங்கால் பழிவாங்கும். நடக்கத் தெரியாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம், சுழல்படியில் ஒரு கை சுவரைப் பிடிக்கக் காலியாக இருந்தே ஆக வேண்டும்.

உடை விஷயத்தில் ஒன்று. சேலையோ தரை தொடும் பாவாடையோ கட்டிக்கொண்டு ஏறாதீர்கள். சுழல்படியில் முன்னங்கால் ஓரத்தை மிதித்தால் விழுவது நீங்கள் மட்டுமல்ல, பின்னால் வருபவர்களும்தான். தட்டையான, பிடிப்புள்ள காலணி போதும். முதுகுப் பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திருப்பத்தில் சுவரில் சிக்கும். கழிவறைக்குப் போய்விட்டு ஏறுங்கள், மேலே கிடையாது.

சுழல்படி உட்புறம் குறுகி வெளிப்புறம் அகன்றிருக்கும். பாதம் முழுதாகப் பதிய வெளிச்சுவர் ஓரமாகவே ஏறுங்கள். தேய்ந்த படிகளின் நடுவில் குழி இருக்கும், ஈர நாளில் அது வழுக்கும். முதல் நூறு படிகளை வேகமாக ஏறுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அங்கேயே தலை சுற்றும், சுழல்வதாலும் சுற்றும், மூச்சிரைப்பதாலும் சுற்றும். ஐம்பது படி ஏறி, கல் சன்னல் ஓரத்தில் இருபது மூச்சு நின்று, மறுபடி ஐம்பது என்று போங்கள். எதிரே யாராவது வந்தால் அகலமான இடத்தில் இருப்பவர் நிற்க வேண்டும். மணி அடிக்கத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள், பக்கத்திலிருந்து கேட்கும்போது அது நெஞ்சுக்குள் அடிக்கும்.

102 மீட்டருக்கு மேல் வேறு உலகம். சதுரமாக இருந்த கோபுரம் எண்கோணமாகி, இப்போது ஊசியாகக் குவிகிறது. கடைசிப் படிக்கட்டு ஒரு ஆள் அகலம்தான், ஏறுவோரும் இறங்குவோரும் அதே வழி. சுற்றிலும் கல் வலைப்பின்னல். உயரம் பயமானால் இரண்டாவது தளத்தோடு திரும்பிவிடுங்கள். நடுவில் நின்றுவிட்டால் பின்னால் உள்ள அத்தனை பேரும் நிற்க வேண்டும்.

தெளிந்த நாளில் தெற்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர் தெரியும். மலைக்காற்று வீசும் நாட்களில் இன்னும் அருகில் வந்ததுபோல் இருக்கும். கீழே டான்யூப், இரண்டு ஊர்களுக்கும் நடுவே பச்சை நாடா. தளங்களில் கம்பி வலை இருக்கும். கைபேசியின் லென்ஸை வலையின் கண்ணில் ஒட்டி வைத்தால் வலை தெரியாமல் படம் வரும். ஆனால் கைபேசியை மணிக்கட்டில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு அதைச் செய்யுங்கள்.

ஆறாம் படி: ஆற்றங்கரையிலிருந்து ஒரு முறை

இறங்கியதும் கால் நடுங்கும். உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஸ்வாபிய வட்டாரத்தின் சாப்பாடு: ‘கேஸ்ஷ்பெட்ஸ்லே’ என்பது சீஸ் போட்ட மாவுத்துண்டு. மாவில் முட்டை இருக்கும், இறைச்சி இருக்காது. முட்டை சாப்பிடும் சைவர்களுக்கு ஏற்றது, பன்றிக்கொழுப்பு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ‘மவுல்டாஷன்’ உள்ளே வழக்கமாக இறைச்சிதான், கேட்காமல் வாங்காதீர்கள்.

பிறகு தெற்கே நடங்கள். வழியில் சுவரோவியமும் 16ஆம் நூற்றாண்டு வானியல் கடிகாரமும் உள்ள நகரமன்றம். உள்ளே மாடிப்படிக்கு மேல் ஒரு பறக்கும் இறக்கை தொங்கும். 1811 மே 31 அன்று அதுபோன்ற ஒன்றைக் கட்டிக்கொண்டு டான்யூபைப் பறந்து கடக்க முயன்று ஆற்றில் விழுந்த தையற்காரர் ஆல்பிரெக்ட் பெர்ப்ளிங்கருடைய இறக்கையின் மாதிரி அது. கோபுரம் முடிந்த அதே தேதி, 79 ஆண்டுகளுக்கு முன்னால்.

ஆற்றோரம் பழைய மதில் மேல் நடைபாதை. அங்கே மெட்ஸ்கர் கோபுரம், 36 மீட்டர் உயரம், உச்சி இரண்டு மீட்டருக்கும் சற்று அதிகமாகச் சாய்ந்திருக்கும். மேற்கே நடந்தால் பிளாவ் ஓடை டான்யூபில் கலக்கும் மீனவர் குடியிருப்பு, நீருக்கு மேல் சாய்ந்து நிற்கும் பழைய மரச்சட்ட வீடுகள்.

இவை எல்லாம் முடிந்தபின் ஹெர்ட் பாலத்தைக் கடந்து நொய்-உல்ம் கரைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். சதுக்கத்தில் நின்றபோது கழுத்தை எவ்வளவு வளைத்தும் கேமராவில் அடங்காத கோபுரம், இங்கே மதில், வீட்டுக் கூரைகள், ஆறு எல்லாவற்றோடும் ஒரே சட்டத்தில் அடங்கும். மாலை வெயில் மேற்கு முகத்தில் படும் நேரம் சிறந்தது. படம் எடுத்து முடித்ததும் ரயிலுக்காக மறுபடி பாலம் தாண்ட வேண்டியதில்லை. நொய்-உல்ம் நிலையம் இதே கரையில்தான், மியூனிக் பக்கம் போகும் வட்டார ரயில் அங்கேயும் நிற்கிறதா என்று மட்டும் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள்.